1,500 ஆங்கில வார்த்தை மனப்பாடம் பண்ணியும் 14 வரிக் கவிதை புரியவில்லை, என்ன செய்ய?

கரிசல்19 | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இப்போது பி.ஏ. ஆங்கிலம் முதல் வருடம். ஊர் சங்கரன்கோவில் பக்கம்.

சேர்ந்த புதிதில் சீனியர் அண்ணன் ஒருத்தர் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். 1,500 வார்த்தை, பக்கத்திலேயே தமிழ் அர்த்தம். தினம் 30 வீதம் 50 நாள். கோடு போட்ட நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் எழுதி, வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஒப்பித்தே முடித்துவிட்டேன்.

போன வாரம் வகுப்பில் ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானெட், 14 வரிக் கவிதை. 'டெம்பரேட்' என்ற சொல் வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். என் நோட்டில் 11ஆம் நாள் வார்த்தை அது: மிதமான. 'லீஸ்' தெரியும், குத்தகை. 'டேட்' தெரியாதவன் யார், தேதி. ஆனால் கவிதை மட்டும் உள்ளே இறங்கவே இல்லை. மனசுக்குப் பிடித்த ஆளைப் பார்த்து 'உன்னைக் கோடை நாளோடு ஒப்பிடட்டுமா' என்று கேட்கிறார். கடைசி பெஞ்சில் ஒருவன் 'அவ்வளவு சூடான ஆளாடா' என்றான், வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டு நோட்ஸ் சொல்லப் போய்விட்டார்.

லிஸ்ட் படிப்பது தப்பா? இல்லை, இன்னும் 1,500 படித்தால் சரியாகுமா? ரூம் நண்பன் தினம் 100 வார்த்தை சொல்லித்தரும் ஆப் ஒன்றில் காசு கட்டப் போகிறான். நானும் கட்டட்டுமா?

நொய்யல் | செவ்வாய், இரவு 10.15

தம்பி, முதலில் அந்த ஆப்புக்குக் காசு கட்டாதீர்கள். தினம் 100 யாருக்கும் தங்காது.

லிஸ்ட் தப்பில்லை, எந்த லிஸ்ட் என்பதுதான் விஷயம். உங்கள் பிடிஎஃப் பேங்க் எக்ஸாமுக்காகத் தயாரித்ததாக இருக்கும். அரிதான சொற்களாகப் பார்த்துப் பொறுக்கியிருப்பார்கள். படிக்கக் கற்றுக்கொள்கிறவனுக்கு அடிக்கடி வரும் சொற்கள்தான் முதலில் வேண்டும். டாக்காவில் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், பையன்கள் பாடப்புத்தகத்தில் திணறுவதைப் பார்த்து இதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2,000 தலைச்சொற்கள். சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் அதற்குள் அடங்கிவிடும். கல்லூரிக் கட்டுரை வாசிக்க 2000ஆம் ஆண்டில் அவெரில் காக்ஸ்ஹெட் தொகுத்த 570 சொற்குடும்பங்கள் (ஒரே வேரிலிருந்து வரும் சொற்களைச் சேர்த்து ஒன்றாக எண்ணுவது) இருக்கின்றன.

நாவலைத் தட்டுத்தடுமாறாமல் படிக்க அதில் வரும் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பம் தேவை என்று மொழியியல் ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் கணக்குப் போட்டார். அப்போதும் 50 சொல்லுக்கு ஒன்று தெரியாமல்தான் இருக்கும். பயப்படாதீர்கள், அது பல வருட வேலை.

மறதிக்கு மருந்து இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது. இன்று, நாளை, நாலு நாள் கழித்து, பத்து நாள் கழித்து. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இலேயே எழுதிவிட்டார். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் ஆங்கி என்ற மென்பொருள் இலவசம். அட்டைப்பெட்டியில் சீட்டு எழுதிப் போட்டாலும் அதே பலன்தான்.

ஷேக்ஸ்பியரெல்லாம் அப்புறம்.

பழைய_வாத்தி | புதன், காலை 6.05

நொய்யல் தம்பியின் கணக்கில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் கரிசலுக்கு அந்தக் கவிதையில் தெரியாத சொல் என்று அநேகமாக எதுவுமே இல்லையே. பிறகு ஏன் புரியவில்லை?

'சம்மர்' என்பதற்குக் கோடை என்று எழுதினீர்கள். அகராதி தப்பு சொல்லவில்லை. ஆனால் கோடை என்று எழுதியதுமே உங்கள் நோட்டில் கூடவே வந்து உட்கார்ந்தது என்ன? வற்றிய கிணறு, குடத்தோடு வரிசை, அக்னி நட்சத்திரம். டிசம்பரில் லண்டனில் பகல் என்பது எட்டு மணி நேரம்கூடக் கிடையாது, சாயந்தரம் நாலு மணிக்கே இருட்டு. ஜூனில் அதே ஊரில் 16 மணி நேரத்துக்கும் மேல் வெளிச்சம். ஜூலையில் சராசரிப் பகல் வெப்பம் 23, 24 டிகிரி, ஏறக்குறைய ஏப்ரல் மாத ஊட்டி. அந்த ஊர்க்காரனுக்குக் கோடை என்றால் சிறையிலிருந்து விட்ட மாதிரி. கவிதையில் வரும் மே மாத மொட்டுகளுக்கும் நம் கத்திரி வெயிலுக்கும் சம்பந்தமே இல்லை. போதாததற்கு இங்கிலாந்தில் 1752 வரைக்கும் பழைய ஜூலியன் காலண்டர், அவர்களுடைய மே முடியும்போது இன்றைய கணக்கில் ஜூன் 10 ஆகியிருக்கும்.

இப்போது 'டெம்பரேட்'. மிதமான என்பது பாதிதான். வெயிலும் குளிரும் அளவாக உள்ள பருவத்துக்கும் அது பெயர், கோபதாபம் அளவாக உள்ள ஆளுக்கும் அதுவே பெயர். கோடை நாளில்கூடச் சில சமயம் வெயில் கூடிப்போகும், நீ அப்படி இல்லை என்கிறார். 'லீஸ்' உங்களுக்குத் தெரிந்த அதே குத்தகைதான். ஆனால் பக்கத்தில் நிற்கும் 'டேட்' தேதியல்ல, குத்தகைத் தவணை. கோடைக்கு எழுதிக்கொடுத்த குத்தகை ரொம்பச் சீக்கிரம் முடிந்துவிடுகிறதே என்று ஒரு வருத்தம். பத்திரம் எழுதுகிற ஆள் பேசுகிற பாஷையில் காதல் சொல்கிறார். 1609இல் அச்சான கவிதை இது.

இதே தடத்தில் இன்னொன்று. 'வார்ம் வெல்கம்' என்றால் என்ன?

தெரியும் என்பீர்கள். சரி, 'வெதுவெதுப்பான வரவேற்பு' என்று தமிழில் எழுதிப் பாருங்கள். வெந்நீர் ஊற்றி வரவேற்ற மாதிரி இல்லை? நமக்கு அன்பு என்பது குளிர்ச்சி. கண் குளிரப் பார்த்தேன், மனசு குளிர்ந்துவிட்டது, வயிறு குளிர வாழ்த்தினாள். பழந்தமிழில் கருணைக்குப் பெயரே தண்ணளி. சூடு நமக்குக் கோபம், வயிற்றெரிச்சல், கொதிப்பு. பனியில் வளர்ந்தவனுக்குத் தலைகீழ்: அன்பு கதகதப்பு, வெறுப்பு குளிர். 'கோல்ட் ஷோல்டர்', 'கோல்ட் லுக்', 'கோல்ட் ஹார்ட்டட்' எல்லாம் அந்த வகையறா. இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் 20, 30 சொல் ஒரே கொத்தாக வந்து சேரும். லிஸ்டில் இவை வேறுவேறு நாளில், வேறுவேறு பக்கத்தில் கிடக்கும்.

34 வருடம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், முதல் பத்து வருடம் நானும் நோட்ஸ்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கரிசல்19 | புதன், காலை 8.20

ஐயா, பஸ்ஸில் நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தேன். 'டேட்' தேதி இல்லை என்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

நேர்வழி | புதன், காலை 11.30

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இந்தப் பையனுக்கு வேலை வேண்டும். நேர்முகத்தில் யாரும் குத்தகை, தவணை என்று கேட்கப் போவதில்லை. ஆங்கில இலக்கியம் எம்.ஏ. முடித்து இரண்டு வரி மெயில் எழுத முடியாதவர்கள் என் ஆபீசிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று மெக்காலே 1835இல் போட்ட தாளம், இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறோம். டாஃபடில் பூவைப் பார்த்தே இராத பிள்ளைகளிடம் டாஃபடில் பற்றி ஐந்து மார்க் கேள்வி! பேசப் பழகு தம்பி, அது போதும்.

மஸ்கட்_செவிலி | புதன், மாலை 3.10

நேர்வழி அண்ணா, பேசப் பழகினவள்தான் நான். என் கதையைக் கேளுங்கள்.

முதல் இன்டர்வியூவில் எதிரில் ஒரு ஐரிஷ் அம்மா. படிப்பைப் பற்றிக் கேட்டார். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2012' என்றேன். அவர் முகம் மாறிவிட்டது, 'அதற்கப்புறம் மறுபடி வந்ததா, டாக்டரிடம் காட்டினாயா' என்று விசாரிக்கிறார். நம் ஊரில் படிப்பை முடித்தேன், அவர் ஊரில் மயங்கி விழுந்தேன்!

வேலைக்குச் சேர்ந்த பிறகு 80 வயது இங்கிலீஷ் தாத்தா ஒருவர், நைட் டியூட்டியில் மெதுவாகக் கூப்பிட்டு, ஒரு பென்னி செலவழிக்க வேண்டும் என்றார். இந்த நேரத்தில் என்ன வாங்கப் போகிறார் என்று நினைத்து, அலமாரியைத் திறந்து பர்ஸை எடுத்துக் கையில் கொடுத்தேன். பாவம், அவர் நெளிகிறார். அங்கே பழைய பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி காசு போட்டால்தான் திறக்குமாம், அதனால் சிறுநீர் கழிக்கப் போவதற்கு மரியாதையான பேச்சு அது. சிரிக்காதீர்கள், நம் ஊருக்கு வந்து தமிழ் படிக்கிற வெள்ளைக்காரனிடம் ஒரு பாட்டி 'ஒண்ணுக்குப் போகணும்' என்றால் அவன் எந்த அகராதியில் தேடுவான்?

தாத்தா சொன்னது 'ஐ மஸ்ட் ஸ்பெண்ட் எ பென்னி', ஐந்தே வார்த்தை. எல்லாமே எல்.கே.ஜி. வார்த்தை.

பிரியாணி_ராவுத்தர் | புதன், மாலை 4.45

ரொம்ப நாளாக ஒரு சந்தேகம், இழைக்குச் சம்பந்தம் உண்டா தெரியாது. ஆட்டுக்கு ஷீப், கோட் என்று பேர் இருக்கும்போது கறிக்கு மட்டும் ஏன் மட்டன்?

பழைய_வாத்தி | புதன், இரவு 7.30

சம்பந்தம் நிறையவே உண்டு, ராவுத்தரே. 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையோடு வந்து இங்கிலாந்தைப் பிடித்தான். அதன்பின் அரண்மனையில் பிரெஞ்சு, வயல்காட்டில் ஆங்கிலம். மேய்க்கிறவன் வாயில் கௌ, பிக், ஷீப் நின்றுவிட்டன. தட்டில் வைத்துச் சாப்பிடுகிறவன் வாயிலிருந்து பீஃப், போர்க், மட்டன் வந்தன. இங்கிலாந்தில் மட்டன் என்றால் செம்மறிதான். வெள்ளாட்டுக் கறியையும் மட்டன் என்பது நம் ஊர் வழக்கம், உங்கள் பிரியாணிக்குக் குறைவில்லை.

இறைச்சியோடு நிற்கவில்லை. 'ஆஸ்க்' ஊர்ச்சொல், 'இன்கொயர்' கோர்ட்டுச்சொல். 'பிகின்' வீட்டில், 'கமென்ஸ்' விழா அழைப்பிதழில். சோறு, சாதம் இரண்டுக்கும் அர்த்தம் ஒன்று, ஆனால் யார் வீட்டில் எந்தச் சொல் என்று நமக்குத் தெரியுமல்லவா, அது மாதிரி. நேர்வழி சொன்ன அந்த எம்.ஏ. ஆட்கள் மெயிலில் 'கமென்ஸ்' போடுகிறவர்களாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வடமராட்சி | புதன், இரவு 8.50

வணக்கம். நான் பருத்தித்துறை. உயர்தரத்துக்கு ஆங்கில இலக்கியம் எடுத்தவள். பள்ளிக்கூடத்தில் ஜேன் ஆஸ்டின் வாசித்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

1814இல் வந்த 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் ஃபானி, தான் வளர்ந்த வீட்டு மகன் எட்மண்டைக் கட்டுகிறாள். இருவரும் 'கசின்'. எங்கள் பக்கம் மச்சான் மச்சாள் கட்டுவது வழமைதானே, இதில் என்ன என்று நானும் கடந்துபோய்விட்டேன். அம்மம்மாவுக்குக் கதை சொல்லும்போதுதான் மாட்டினேன். அவர் உறவுமுறை கேட்காமல் எந்தக் கதையும் கேட்கமாட்டார். 'பெடியன் ஆர், மாமியின்ர மகனோ?' இல்லை அம்மம்மா, தாய்மார் இரண்டு பேரும் சகோதரிகள், எட்மண்ட் பெரியம்மா மகன். அம்மம்மா வெற்றிலைத் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டார். 'பெரியம்மா மகனையோ? அது தமையனெல்லோ பிள்ளை!'

'கசின்' என்ற ஒரு சொல்லுக்குள் எங்களுக்குக் கட்டக்கூடியவரும் கட்டவே கூடாதவரும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். ஆங்கிலேயருக்கு அந்தக் கோடு கிடையாது. ஓராண்டு முந்திய 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலிலும் லேடி கேத்தரின் தன் மகளைச் சகோதரி மகன் டார்சிக்குக் கொடுக்க ஒற்றைக் காலில் நிற்கிறார், அதுவும் இதே முறைதான்.

அதே நாவலில் 'என்டெய்ல்' என்று ஒரு சொல். தகப்பனின் காணி ஆண்வழியில்தான் போகும், ஐந்து பெண்பிள்ளைகள் இருந்தும் தூரத்து உறவுக்காரன் ஒருத்தனுக்குப் போய்விடும். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையில் சீதனமாக வீடும் காணியும் பெண்ணுக்குப் போகிற ஊரில் வளர்ந்த எனக்கு அதுதான் விளங்கவே இல்லை. அது விளங்கின பிறகு, மகள்மாரைக் கட்டிக்கொடுக்க அந்தத் தாய் ஏன் அப்படிப் பறக்கிறாள் என்பதும் விளங்கியது. அதுவரை அவவைப் பைத்தியம் என்றே நினைத்திருந்தேன்.

முத்துக்குளி | புதன், இரவு 10.20

எல்லாரும் வந்த சொல்லையே பேசுகிறீர்கள். போன சொல்லையும் பார்க்கலாமே. சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணி 'மல்லிகட்டானி' ஆனது, அணைக்கட்டு 'அனிகட்' ஆகிக் கல்லணைக்கே 'கிராண்ட் அனிகட்' என்று பெயர்ப்பலகை வைத்துவிட்டார்கள். யூலும் பர்னெலும் 1886இல் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி முழுக்க இதுதான், சும்மா புரட்டவே நன்றாக இருக்கும்.

ஆனால் போன இடத்தில் ஆள் மாறிவிடுகிறது. எங்கள் கட்டுமரம் என்பது மரக்கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. 'கேட்டமரான்' என்று இணையத்தில் தேடுங்கள், இரட்டை உடம்புள்ள வெள்ளைப் படகு, மேலே பணக்காரர்கள்.

கரிசல் தம்பி கவனிக்க வேண்டிய ஒன்று: செய்தித்தாளில் 'பரையா ஸ்டேட்' என்று சாதாரணமாக எழுதுவார்கள், எல்லாரும் ஒதுக்கிவைத்த நாடு என்ற பொருளில். இங்கே ஒரு சமூகத்தின் பெயரை எடுத்துக்கொண்டுபோய் வசவாக்கிய சொல் அது. அர்த்தம் தெரிந்துவைத்துக்கொள், நீ எழுதாதே.

நொய்யல் | வியாழன், காலை 7.15

சரி, ஒத்துக்கொள்கிறேன், 'ஷேக்ஸ்பியர் அப்புறம்' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். ஆனால் வாத்தியார் ஐயாவிடம் ஒரு கேள்வி. பைபிள், கிரேக்கப் புராணம், ஜேன் ஆஸ்டின் எல்லாம் படித்துவிட்டுத்தான் ஒருவன் ஹிந்து தலையங்கம் படிக்க வேண்டும் என்றால் அதற்குள் அவன் ரிடையர் ஆகிவிடுவான். எங்கே ஆரம்பிப்பது?

பழைய_வாத்தி | வியாழன், காலை 9.00

நியாயமான கேள்வி. எல்லாம் வேண்டாம். தலையங்கத்தில் திரும்பத் திரும்ப வருகிற கதைகள் ஒரு 30, 40தான் இருக்கும்.

பைபிளில் நாலைந்து உவமைகள் போதும். வேதாகமம் தமிழிலேயே கிடைக்கிறது, 1714இலேயே தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். லூக்கா 10இல் நல்ல சமாரியன் கதை ஒரு பக்கம்கூட இல்லை. யூதர்களுக்கும் சமாரியருக்கும் ஆகாது. அடிபட்டுக் கிடந்த யூதனைச் சொந்த மதத்துப் பெரியவர்கள் விலகிக் கடந்துபோக, ஆகாத சமாரியன் தூக்கிக் காப்பாற்றுகிறான். உதவி செய்தான் என்பதோடு, யார் செய்தது என்பதில்தான் கதை இருக்கிறது. விபத்தில் உதவுகிறவரைப் போலீஸ் கேஸில் இழுக்காமல் காக்க 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவிலேயே 'குட் சமாரிட்டன்' என்றுதான் பெயர். லூக்கா 15இல், சொத்தைத் தொலைத்துவிட்டு வீடு திரும்பும் மகன், 'ப்ராடிகல் சன்'. திரும்பி வந்தவன் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஊதாரி.

கிரேக்கக் கதையை நம் கதையோடு முடிச்சுப் போட்டு வையுங்கள். 'அக்கிலீஸ் ஹீல்' என்றால் துரியோதனன் தொடை. காந்தாரி பார்வை படாத இடத்தில் அவன் வீழ்ந்தான், தாய் பிடித்திருந்த குதிகால் ஆற்றில் நனையாததால் இவன் வீழ்ந்தான். 'மைதாஸ் டச்' என்றால் பஸ்மாசுரன் பக்கத்து வீடு: தொட்டதெல்லாம் பொன்னாகும் என்று வரம் வாங்கி, சோறும் பொன்னாகிப் பட்டினி கிடந்தவன். பத்திரிகைகள் அதைப் பாராட்டாக எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். திறந்ததும் உலகத்துத் துன்பமெல்லாம் வெளியே வந்த 'பண்டோராஸ் பாக்ஸ்' உண்மையில் பெட்டியே அல்ல, ஜாடி. லத்தீனுக்கு மாற்றும்போது டச்சு அறிஞர் எராஸ்மஸ் செய்த தவறு நிலைத்துவிட்டது.

நாவலுக்கு, சொற்களைக் குறைத்து எழுதிய சுருக்கப் பதிப்பில் ஆரம்பிப்பதில் வெட்கமே வேண்டாம். கதை தெரிந்திருந்தால் பாதிச் சொல் தானாக விளங்கும். 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' பார்த்தவர்கள் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யை எடுத்தால் அக்கா தங்கை இருவரையும் அடையாளம் தெரியும்.

நொய்யல் தம்பியின் சீட்டுப்பெட்டியும் வேண்டும். சீட்டின் பின்பக்கத்தில் ஒற்றைத் தமிழ்ச்சொல் எழுதாமல், அந்தச் சொல்லைப் பார்த்த வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள். அவ்வளவுதான் என் திருத்தம்.

நேர்வழி | வியாழன், பகல் 1.05

மயங்கி விழுந்த கதையைப் படித்துவிட்டு எங்கள் ஆபீஸ் பயோடேட்டாக்களை எடுத்துப் பார்த்தேன். 14இல் ஒன்பதில் 'பாஸ்ட் அவுட்'. என்னுடையதையும் சேர்த்து. மெக்காலே விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

கரிசல்19 | வெள்ளி, இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. அண்ணா, ஆப்புக்குக் காசு கட்டவில்லை. நண்பன் கட்டிவிட்டான், நாலாவது நாளாகத் திறக்கவில்லை.

நோட்டை மாற்றிவிட்டேன். வலப்பக்கத்துத் தமிழை அடித்துவிட்டு வாக்கியம் எழுத ஆரம்பித்தேன், 1,500க்கு இப்போது 22தான் முடிந்திருக்கிறது. 'வார்ம்' என்று ஒரு தனிப் பக்கம், 'கோல்ட்' என்று எதிர்ப்பக்கம். 'கசின்' எழுதிவிட்டு அடைப்புக்குறிக்குள் 'முறை கேட்கவும்' என்று போட்டிருக்கிறேன், வடமராட்சி அக்காவின் அம்மம்மாவுக்காக.

நேற்று ஊருக்கு வந்தேன். அப்பா மூன்று ஏக்கர் குத்தகைக்குத்தான் பார்க்கிறார். சாப்பிடும்போது அந்த வரியைச் சொன்னேன். இங்கிலாந்தில் ஒரு கவிஞர், கோடையின் குத்தகைக் காலம் இவ்வளவு சீக்கிரம் முடிகிறதே என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார் என்றேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: 'முடியுதேன்னா வருத்தப்படுதான்? அப்ப அவன் நிலத்துக்காரனாத்தான் இருப்பான்.'

ஐயா, இதை டெஸ்ட்டில் எழுதலாமா? திங்கட்கிழமை இன்டர்னல்.

பழைய_வாத்தி | வெள்ளி, இரவு 9.50

எழுதுங்கள். மார்க் கிடைக்குமா என்று சொல்ல மாட்டேன். அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் கேட்டதில் பாதி சரி: ஷேக்ஸ்பியர் 1597இலேயே சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் பெரிய வீடு வாங்கிவிட்டார், 1602இல் 107 ஏக்கர் நிலமும்.